கார் மேல் படிந்த பெயின்ட் சாரல்: எடுக்கும்போது செய்யக் கூடாதவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பக்கத்தில் எங்கேயோ ஒரு கேட்டுக்கோ சுவருக்கோ ஸ்பிரே அடித்திருப்பார்கள். காற்று அந்தச் சாரலைத் தூக்கிவந்து உங்கள் கார் மேல் போட்டிருக்கும். டீட்டெயிலிங் வேலையில், அதாவது வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலையில், இதை ஓவர்ஸ்பிரே என்கிறோம். என்னிடம் வரும் வண்டிகளில், சாரல் விழுந்து கெட்டவற்றைச் சரிசெய்வது பெரும்பாலும் எளிது. சாரலை எடுக்கப் போய்க் கெட்டவைதான் பெரிய வேலை. அதனால்தான் இங்கே "ஏன் அதைச் செய்யக் கூடாது" என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் கார் மேல் இருப்பது ஓவர்ஸ்பிரேதான் என்று எப்படி உறுதி செய்வது?

வண்டியை முதலில் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஈரம் காயும் முன்பே, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் பானெட்டை மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கூட பை வழியாக நன்றாகத் தெரியும். உப்புத்தாளைத் தடவுவது போல இருந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அது பெயின்ட்தானா என்று பார்க்கக் கண்ணாடிக்குப் போங்கள். கண்ணாடிக்குச் சொந்தமாக நிறம் கிடையாது, அதனால் புள்ளிகளின் நிறம் அங்கே தெளிவாகத் தெரியும். சாரல் காற்று வந்த பக்கத்தில் அடர்த்தியாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கும். மரப்பிசின் என்றால் பெரிய சொட்டுகளாக இருக்கும். பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் என்றால், இரும்பு நீக்கித் திரவம் பட்டதும் ஊதா நிறமாக வடியும். பெயின்ட் அப்படி மாறாது.

சில வண்டிகளில் துடைத்தாலே வருகிறது, சிலவற்றில் அசையவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இரண்டு விஷயம்தான்: எவ்வளவு தூரத்திலிருந்து பறந்து வந்தது, என்ன பெயின்ட்.

ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பும் துளி பறக்கும்போதே காய ஆரம்பித்துவிடும். தூரத்திலிருந்து வந்தால் பாதி காய்ந்த தூசியாக வந்து மேலே உட்காரும். பக்கத்திலிருந்து வந்தால் ஈரமாகவே விழுந்து, பரவி, இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பெயின்டின் வகை இதைவிட முக்கியம். தண்ணீரில் கலக்கும் சுவர் எமல்ஷன் புதிதாக விழுந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீருக்கே வந்துவிடும். எண்ணெய் எனாமலுக்குக் கொஞ்சம் கூடுதல் பாடு. தொட்டி, பாலம், தொழிற்சாலைக் கூரை போன்றவற்றுக்கு அடிக்கும், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த எபாக்ஸியும் பாலியூரித்தேனும்தான் கஷ்டம். அதனால் எதையும் தொடும் முன் முடிந்தால் பெயின்ட் அடித்தவரிடம் போய் என்ன பெயின்ட் என்று கேளுங்கள். டப்பாவை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தகவல் பாதி நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

கார் பெயின்ட் அவ்வளவு மெல்லியதா? கொஞ்சம் தேய்த்தால் என்ன ஆகிவிடும்?

கம்பெனியிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் அடிப்பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது உங்கள் காரின் மொத்த பெயின்ட்டும் ஒன்று, ஒன்றரைத் தாள் கனம்தான். அதில் மேலே உள்ள கிளியர் கோட் அரைத் தாள்கூட இல்லை, 40 மைக்ரான் பக்கத்தில்.

பளபளப்பு மட்டும் இல்லை, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையும் அந்தக் கிளியர் கோட்டுடையதுதான். அதை மெலியவிட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்து பானெட்டிலும் கூரையிலும் தோல் உரிவது போல உரிய ஆரம்பிக்கும். அதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சாரல் இருப்பது கிளியர் கோட்டுக்கு மேலே. நம் வேலை அதை மட்டும் எடுப்பது. கீழே சொல்லும் ஆபத்தான வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுதான்: சாரல் எங்கே முடிகிறது, கிளியர் கோட் எங்கே தொடங்குகிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

புது பிளேடால், தண்ணீர் விட்டுக்கொண்டு, மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும் என்கிறார்களே?

வரும். அதுதான் பிரச்சினை. வருவதைப் பார்த்ததும் கை நிற்காது.

ஒரு முறை கறுப்பு நிற வண்டி ஒன்று வந்தது. உரிமையாளர் பொறுமைசாலி. பிளேடைச் சாய்வாகப் பிடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு, பானெட்டில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியாக எடுத்திருந்தார். நிழலில் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தேன். புள்ளி இருந்த ஒவ்வொரு இடத்திலும் இணையாக இரண்டு மெல்லிய கோடுகள். பிளேடின் நடுப்பகுதி அல்ல, இரண்டு மூலைகளும் கீறிய கோடுகள் அவை. கார் உடம்பில் சமதளம் என்று எதுவும் கிடையாது. வளைவின் மேல் நேரான பிளேடு போகும்போது எப்போதாவது ஒரு மூலை கிளியர் கோட்டில் குத்தும். நகத்தை வைத்து இழுத்தால் நகம் தட்டியது. நகம் தட்டும் கீறலைப் பாலிஷ் போட்டு முழுதாக மறைக்க முடியாது. அந்த ஆழத்துக்குத் தேய்த்தால் சுற்றியுள்ள கிளியர் கோட்டே காலியாகிவிடும். அந்த பானெட்டுக்குக் கடைசியில் மறுபூச்சுதான் போட வேண்டியிருந்தது.

பெயின்ட் வடிந்து உறைந்த கட்டியைப் பிளேடால் சமன்படுத்தும் கைத்திறன் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரே ஒரு கட்டி. ஓவர்ஸ்பிரே ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஆயிரம் முறையும் கை தவறாமல் இருக்க யாராலும் முடியாது.

கண்ணாடியில் பிளேடு போடலாமா?

வெளிப்பக்கம் போடலாம், ஆனால் கவனமாக. புது பிளேடு, கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர், சாய்வான பிடி, ஒரே திசை. முன்னும் பின்னுமாக இழுக்கக் கூடாது. பின்னால் இழுக்கும்போதுதான் பிளேடின் அடியில் சிக்கிய துகள் கோடு போடும். சில கதவுக் கண்ணாடிகளில் தயாரிப்பின்போதே ஒட்டிய நுண்ணிய துகள்கள் இருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். "கர்ர்" என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். பின் கண்ணாடியின் உள்பக்கம் ஓடும் சூடேற்றும் கம்பிக்கோடுகள் மேல் பிளேடு படவே கூடாது. பிளாஸ்டிக் பிளேடில் தொடங்குவது நல்லது. பல நேரம் அதுவே போதும்.

தின்னர் போட்டுத் துடைத்தால் என்ன? பெயின்டர்களே அதைத்தானே செய்கிறார்கள்?

அனுபவமுள்ள பெயின்டர் தின்னர் நனைத்த துணியால் ஒரு வீச்சு வீசிவிட்டு உடனே துடைத்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நன்றாக இறுகிய கம்பெனி கிளியர் கோட் அந்த ஒரு நொடியைத் தாங்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் துணியை முக்கி எடுத்துப் புள்ளி போகும்வரை தேய்ப்பவருக்கு அந்த நொடிக் கணக்கு தெரியாது.

தின்னர் உட்கார உட்கார கிளியர் கோட் ஊறி மென்மையாகும். மென்மையான பரப்பில் துணியைத் தேய்த்தால் பளபளப்பு செத்து, பால் படிந்த மாதிரி மங்கும். வண்டியில் ஏதாவது ஒரு பாகம் ஏற்கெனவே மறுபூச்சு ஆகியிருந்தால் இன்னும் மோசம். அதிலும் ஸ்பிரே டப்பாவால் தொட்டுவைத்த இடம் என்றால் நிறமே துணியோடு வந்துவிடும். பழைய வாகனம் வாங்கியவர்களுக்கு எந்தப் பாகம் கம்பெனி பெயின்ட், எது மறுபூச்சு என்று பெரும்பாலும் தெரியாது. பம்பர், கதவு ரப்பர், விளக்கு ஆகியவற்றில் தின்னர் வழிந்தால் அங்கே வேறு சேதம்.

பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய்?

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பெயின்டுக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவது கவலை. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பிடிக்கக் கூடியது. உலர்ந்த துணியால் தேய்க்கும்போது வரும் நிலைமின்சாரப் பொறியே போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நிற்கும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும்.

மண்ணெண்ணெய் அவ்வளவு மூர்க்கம் இல்லை, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிட்டுப் போகும். அதற்குப் பதிலாக தார் நீக்கும் திரவமோ மினரல் டர்பன்டைனோ எடுங்கள். வேலையும் நடக்கும், கட்டுப்பாடும் இருக்கும். அவையும் தீப்பற்றும் பொருள்கள்தான். காற்றோட்டம், கையுறை, பக்கத்தில் நெருப்பு இல்லாமை மூன்றும் கட்டாயம்.

நெயில் பாலிஷ் ரிமூவரால் ஹெட்லைட் மேல் இருந்த புள்ளிகளைத் துடைத்தேன். இப்போது விளக்கு மங்கிவிட்டது. மறுபடி தெளிவாகுமா?

பல ரிமூவர்களில் இருப்பது அசிட்டோன். இப்போதைய ஹெட்லைட் மூடிகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் வெயில் தாங்க ஒரு மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். அசிட்டோன் பூச்சைத் தாண்டிப் பிளாஸ்டிக்கைத் தொட்டால் மேற்பரப்பு வெளுத்துப் போகும், சிலந்தி வலை போல நுண்ணிய வெடிப்புகள் உள்ளுக்குள் ஓடும்.

மேலாக மங்கியது மட்டும் என்றால் தேய்த்துப் பாலிஷ் செய்து, புற ஊதாத் தடுப்புப் பூச்சு மறுபடி போட்டுச் சரிசெய்யலாம். வெடிப்பு விழுந்துவிட்டால் மூடியை மாற்றத்தான் வேண்டும். பின்விளக்குகள் பெரும்பாலும் அக்ரிலிக். அதற்கு ஆல்கஹால்கூட ஒத்துக்கொள்ளாது. விளக்குகளில் சோப்புத் தண்ணீரும் கிளேயும் (ஒட்டியதை எடுக்கும் களிமண் போன்ற பொருள், கீழே விவரமாகச் சொல்கிறேன்) தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பெயின்ட் ரிமூவர், பிரேக் ஆயில்?

இரண்டும் கார் பெயின்டை உரிப்பவை. உங்கள் கார் எது, மேலே விழுந்த சாரல் எது என்று அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய வகைப் பெயின்ட் ரிமூவர்களில் இருந்த மெத்திலீன் குளோரைடு மூச்சு வழியாக உள்ளே போனால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய இடத்தில் வேலை செய்தவர்கள் அதனால் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2019-இல் பொதுமக்களுக்கு அந்த வகை ரிமூவர் விற்பதைத் தடைசெய்தது. வீட்டு மூலையில் பழைய டப்பா கிடந்தால் எடுத்துத் திறக்காதீர்கள்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், மேஜிக் ஸ்பாஞ்ச், பற்பசை?

பச்சை நாரில் சிராய்ப்புத் துகள் கலந்திருக்கிறது. கார் பெயின்ட் மேல் ஒரே இழுப்பில் மங்கிவிடும். வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் கையில் பஞ்சு மாதிரி இருப்பதால்தான் ஏமாற்றுகிறது. அது மெலமைன் நுரை, மிக நுண்ணிய உப்புத்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பற்பசையும் தேய்ப்புப் பொருள்தான், ஆனால் புள்ளியை எடுக்கும் அளவு வலு அதற்கு இல்லை. புள்ளி அப்படியே இருக்கும், சுற்றிலும் வட்ட வட்டமாகக் கீறல் வரும்.

மெஷின் வைத்து காம்பவுண்டு (தேய்ப்புப் பசை) போட்டால் ஒரேயடியாகப் போய்விடாதா? 2000 நம்பர் உப்புத்தாள்?

இதைச் சில தொழில்முறை ஆட்களே செய்கிறார்கள், நேரம் மிச்சம் என்று. வாதம் சரியாகத்தான் தோன்றும்: "எப்படியும் கடைசியில் பாலிஷ் போடப் போகிறோம், அதிலேயே போகட்டும்." ஆனால் நடப்பது வேறு. சுழலும் பேட் சாரல் துகள்களைப் பெயர்த்து எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அடுத்த சுற்றிலிருந்து அந்தத் துகள்கள்தான் உங்கள் வண்டியைத் தேய்க்கின்றன. ஒரு மூலையில் விழுந்த சாரலுக்காக முழு வண்டியிலும் கீறல்.

கார் உடம்பின் மடிப்புக் கோடுகளிலும் ஓரங்களிலும் பெயின்ட் இயல்பிலேயே மெலிது. கம்பளி பேட் மாட்டிய ரோட்டரி மெஷின் அந்த ஓரத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் நிறம் தெரிந்துவிடும், அடுத்த நொடி பிரைமர். பெயின்ட் கனம் அளக்கும் கருவி இருந்தாலும், சாதாரணக் கருவி உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது.

உப்புத்தாள் பற்றிக் கேட்டால், தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் போகும், அந்தக் கீறலை எடுக்கப் பாலிஷில் இன்னும் கொஞ்சம் போகும். மேலே இருக்கும் ஒரு புள்ளிக்காகக் கீழே இருக்கும் சொத்தைச் செலவழிக்கிறோம். கிளேயும் திரவமும் தோற்ற பிறகு, அளந்து பார்த்து, கை தேர்ந்தவர் கடைசி வழியாகச் செய்வது வேறு. முதல் நாளே எடுக்கும் ஆயுதம் அல்ல அது. பழைய இரும்புக் கட்டுமானத்திலிருந்து பறந்த பெயின்ட் என்றால் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

ஹீட் கன், பிரஷர் வாஷர்?

ஹீட் கன் சாரலோடு சேர்த்துக் கிளியர் கோட்டையும் இளக்கும், பம்பரை நெளிய வைக்கும். பிரஷர் வாஷர் ஒட்டிய சாரலை எடுக்காது. கிட்டத்தில் வைத்தால் ஏற்கெனவே கல் தெறித்த இடத்தில் பெயின்டைத் தூக்கிவிடும்.

சரி, அப்படியானால் எதில்தான் தொடங்குவது?

மிக மென்மையானதில் தொடங்கி, அது தோற்ற பிறகு மட்டும் அடுத்ததற்குப் போங்கள். நிழலில், உடம்பு குளிர்ந்த வண்டியில்.

முதலில் கழுவல். எமல்ஷன் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் கிளே பார்: சோப்புக் கட்டி மாதிரி இருக்கும், பிசைந்தால் களிமண் மாதிரி இளகும் பொருள். மிருதுவான ரகத்தை வாங்குங்கள். ஒரு சின்னத் துண்டைத் தட்டையாகப் பிசைந்து, அதற்கான வழுக்குத் திரவத்தைத் தாராளமாக அடித்து, இரண்டு உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அழுத்த வேண்டாம், விரலின் கனமே போதும்.

முதல் இழுப்பில் "சர சர" என்று சத்தம் வரும், கையில் ஒரு பிடிப்பு தெரியும். நான்கைந்து இழுப்பில் சத்தம் குறையும். கிளே வழுக்கிக்கொண்டு மௌனமாகப் போனால் அந்த இடம் முடிந்தது. துண்டைத் திருப்பிப் பாருங்கள், சாரலின் நிறம் அதில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். மடித்துப் பிசைந்து புது முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த இடம்.

கிளேக்கு அசையாதது மட்டும் திரவத்துக்கு. எமல்ஷனுக்கு, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோபிரொப்பில் ஆல்கஹால். எனாமலுக்குத் தார் நீக்கியோ மினரல் டர்பன்டைனோ. கதவின் உள்விளிம்பு போலக் கண்ணுக்குப் படாத இடத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, சில நொடி வைத்து, துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி கிளே. திரவம் சாரலை இளக்கினால் போதும், எடுப்பது கிளேயின் வேலை.

கிளேயில் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. கீழே விழுந்த துண்டைத் திரும்ப எடுக்கவே கூடாது. எவ்வளவு பிசைந்தாலும் அதில் மண் இருக்கும், அந்த ஒரு மணல் வண்டி முழுக்கக் கோடு போடும். எனக்கும் துண்டைத் தூக்கி எறிய மனசு வராது, அதனால்தான் எப்போதும் பார்-ஐ நான்காக வெட்டி ஒரு துண்டை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறேன். வழுக்குத் திரவம் காய்ந்தாலும் கீறும். கரடுமுரடான ரகம் வேகமாக வேலை செய்யும், ஆனால் பரப்பை மங்கவைக்கும். கறுப்பு வண்டியில் மிருதுவான ரகமே லேசான தேய்ப்புத் தடம் விடலாம். அதை மெல்லிய பாலிஷ் எடுத்துவிடும்.

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட், பாதுகாப்பு ஃபிலிம், செராமிக் பூச்சு உள்ள வண்டிகளில்?

மேட் வண்டியில் கிளேயும் பாலிஷும் இரண்டுமே வேண்டாம். தேய்த்த இடம் பளபளக்கும், அந்தப் பளபளப்பை மறுபடி மங்கலாக்க வழி இல்லை. மேட் வண்டியில் சாரல் விழுந்தால் நேராக அனுபவமுள்ளவரிடம் கொண்டுபோங்கள். ஒளிபுகும் ஃபிலிமில் நிறைய வழுக்குத் திரவத்தோடு மிருதுவான கிளே போடலாம், ஓரங்களைத் தவிர்த்துவிட்டு. தின்னர் வகை எதுவும் கூடாது. செராமிக் பூச்சின் மேல் சாரல் அவ்வளவு இறுகாது என்பது நல்ல செய்தி. ஆனால் கிளே போட்ட இடத்தில் பூச்சு தேய்ந்திருக்கும், மறுபடி போடத் தயாராக இருங்கள்.

போன வாரம்தான் கதவுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தேன். அதன் மேலும் விழுந்திருக்கிறது.

புதுப் பூச்சு முழுதாக இறுக ஒன்று முதல் மூன்று மாதம்வரை ஆகலாம். அதுவரை எந்தத் திரவமும் படக் கூடாது. கழுவிவிட்டு, பெயின்ட் அடித்தவரிடமே காட்டுங்கள்.

சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர், வைப்பர்?

கறுப்பு பிளாஸ்டிக்கின் மேடு பள்ளத்துக்குள் கிளே போகாது, தன் எச்சத்தை வேறு அடைத்துவிடும். மென்மையான பிரஷ்ஷும் பொதுச் சுத்தத் திரவமும்தான் சரி, பல முறை. ரப்பருக்கும் அதுவே. வைப்பர் ரப்பரைச் சாரல் படிந்த கண்ணாடி மேல் ஓட்டாதீர்கள், ஒரே நாளில் கிழிந்து கோடு விட ஆரம்பிக்கும்.

ஹார்டனர் கலந்த எபாக்ஸி விழுந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. என்ன செய்வது?

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். இறுகிய பாலியூரித்தேனும் உங்கள் கிளியர் கோட்டும் ஏறக்குறைய ஒரே குடும்பம். எபாக்ஸி வேறு குடும்பம் என்றாலும் பிடிவாதத்தில் குறைந்தது இல்லை. அவற்றைக் கரைக்கும் திரவம் கிளியர் கோட்டைச் சும்மா விடாது. அதனால் திரவத்தைத் தேடி அலைய வேண்டாம். பிடிப்பை மட்டும் உடைக்கப் பாருங்கள்: மிருதுவான கிளே, அப்புறம் நடுத்தர ரகம், பல சுற்று. ஒரு பாகத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இரண்டு சுற்றில் அசைவே இல்லை என்றால் நிறுத்திவிட்டு, இதே வேலையைச் செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

பெயின்ட் அடித்தவர்கள் செலவைக் கொடுப்பார்களா?

கேளுங்கள். பல ஒப்பந்ததாரர்களிடம் இதற்கான காப்பீடு இருக்கும். ஆனால் நீங்கள் தொடும் முன் எடுத்த போட்டோ இருந்தால்தான் பேச்சு நிற்கும். எல்லாப் பக்கமும், கண்ணாடியில் தெரியும் புள்ளிகள் கிட்டத்திலும், எங்கே வேலை நடந்தது என்பதும் தெரியும்படி எடுங்கள். பிளேடு கீறலோடு போய் நின்றால் அந்தக் கீறலும் உங்கள் கணக்கில்தான் வரும்.

எல்லாம் எடுத்தாகிவிட்டது. இப்போது?

கிளே மேலிருந்த வாக்ஸையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும், பரப்பு இப்போது வெறுமையாக இருக்கிறது. கழுவி, உலர்த்தி, அன்றைக்கே வாக்ஸோ சீலன்ட்டோ போட்டுவிடுங்கள். மறுநாள் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கைப்பிடிக் குழிக்குள், கண்ணாடிக்கு அடியில், நம்பர் பிளேட் ஓரத்தில், கூரையின் பின்விளிம்பில் எப்படியும் சில புள்ளிகள் தப்பியிருக்கும். மிச்சம் வைத்த கிளே துண்டு அவற்றுக்குப் போதும்.